பஸ் போன பிறகு பார்த்த ஊர்

எங்கள் சுற்றுலாக் குழுவில் எனக்கு ‘பஸ்ஸை விட்ட மாமி’ என்று பெயர். ஊர் திரும்பிய பிறகு பாண்டி பஜாரில் ஒரு ஹோட்டல் மாடியில் குழுவினர் எல்லோரும் மறுபடி கூடி, திரையில் படம் போட்டுப் பார்த்தோம். அன்று இந்தப் பெயரைச் சொல்லித்தான் என்னைக் கைதட்டி முன்னால் கூப்பிட்டார்கள். நான் போகவில்லை. பஸ்ஸை நான் விடவில்லை, பஸ்தான் என்னை விட்டுவிட்டுப் போனது என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னேன். அதற்கும் சிரித்தார்கள். மாமி என்றால் ஒரு மாமா இருக்க வேண்டும், எனக்கு அப்படி யாரும் கிடையாது என்பதையும் சேர்த்துச் சொல்லியிருப்பேன். பக்கத்தில் தம்பி தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தான். அவனைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டேன்.

நான் தொலைந்துபோனதும் கிடைத்ததும் எல்லோருக்கும் தெரியும். அந்த ஊரில் நான் என்ன பார்த்தேன் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. கேட்காவிட்டால் என்ன, நானே எழுதிவிடுகிறேன்.

மயிலாப்பூரில், தெப்பக்குளத்துக்குப் பின்பக்கம், ஒரு பழைய குடியிருப்பின் மூன்றாவது மாடியில் தனியாக இருக்கிறேன். வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். அப்பாவையும் பிறகு அம்மாவையும் கடைசிவரை நான்தான் பார்த்துக்கொண்டேன். அதில் கல்யாண வயது போய்விட்டது என்று உறவில் பேசிக்கொள்வார்கள். வயது எங்கேயும் போகவில்லை, வந்த வரன்களை நான்தான் வேண்டாம் என்றேன், அது வேறு கதை. அம்மா போன பிறகு வீடு ரொம்பப் பெரிதாகிவிட்டது. இருப்பது இரண்டே அறை. ஒரு அறையில் டிவியைப் போட்டுவிட்டு மற்ற அறையில் போய் உட்கார்ந்துகொள்வேன். அந்தப் பக்கம் யாரோ பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்று இருக்கும்.

தம்பி தி.நகரில் இருக்கிறான். சொந்த வீடு. அவன், அவன் மனைவி, மகன், மருமகள் என்று நாலு பேர். அம்மாவின் முதல் வருஷத் திதி, வருஷாப்திகம், முடிந்த அன்றே பேச்சை எடுத்துவிட்டான்.

“எதுக்குக்கா தனியாக் கெடந்து அல்லாடறே? எங்காத்துக்கு வந்துடு. மாடில ஒரு ரூம் சும்மாத்தானே கெடக்கு. இந்த ஃபிளாட்டை வாடகைக்கு விட்டுடலாம்.”

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை. எனக்குப் போகத்தான் ஆசை. கூப்பிட்டவுடன் ஓடினால் மரியாதையாக இருக்காது என்று இழுத்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான். அவனும் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தான். கேட்கக் கேட்க எனக்கு நன்றாக இருந்தது.

கடைசியில் அவனே ஒரு வழி சொன்னான். “நாங்க கோடை லீவுல போர்ச்சுகல், ஸ்பெயின் போறோம். நீயும் வா. எங்களோட இருக்க முடியறதா இல்லையான்னு நீயே பாத்துக்கோ. திரும்பி வந்து பதில் சொல்லு.” சரி என்றேன். மனசுக்குள் பாதி மூட்டை அன்றைக்கே கட்டியாகிவிட்டது. அம்மாவின் தையல் மெஷினை அந்த மாடி அறையில் ஜன்னல் பக்கம் போடுவதா, கதவுப் பக்கமா என்பதுவரை யோசித்து வைத்திருந்தேன்.

புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பு பனகல் பூங்காவுக்குப் பக்கத்தில் இருந்த சுற்றுலா ஆபீசுக்கு எங்களை வரச் சொன்னார்கள். எங்களோடு வரப்போகிற டூர் மேனேஜர் ராயப்பேட்டைக்காரர், முப்பது வயதுக்குள் இருக்கும். சமையல்காரர் கூடவே வருகிறார், மூன்று வேளையும் நம் சாப்பாடு என்றதும் எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தோம். அப்புறம் அவர் தன் வேலைமுறையை விளக்கினார்.

“என் சிஸ்டம் ரொம்ப சிம்பிள் சார். ஃபேமிலிக்கு ஒரு லீடர். பஸ் எடுக்கறதுக்கு முன்னாடி நான் கேப்பேன். லீடர் கைய தூக்கினா அந்த ஃபேமிலி ஃபுல்லு. ஒவ்வொரு தலையா எண்ணிக்கினு இருந்தா எப்ப ஊரு பாக்கறது?”

தனியாக வருகிறவர்கள் என்ன செய்வது என்று நான் கேட்டேன். குழுவில் தனி ஆட்கள் இரண்டே பேர், இரண்டும் பெண்கள். ஒன்று நான். இன்னொருவர் சாந்தோமில் சர்ச் நடத்துகிற பள்ளியில் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர், கணவரை இழந்தவர், போர்ச்சுகலில் இருக்கிற பாத்திமா மாதா கோயிலைப் பார்ப்பதற்காகவே வருகிறவர்.

“நீங்களும் டீச்சரும் ஒரே ரூம் மேடம். ஸோ, நீங்க ரெண்டு பேரும் ஒரு ஃபேமிலி. டீச்சர்தான் லீடர்.”

தம்பிக்குப் பொறுக்கவில்லை. “அதெல்லாம் இல்லை சார். அவா எங்கக்கா. ரூம் மட்டும்தான் அங்கே. மத்தபடி எங்களோடதான்,” என்றான். டீச்சர் சிரித்துக்கொண்டே, “ராத்திரி எனக்கு, பகல்ல ஒங்களுக்கு, வச்சிக்கோங்க,” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். என்னை இரண்டு பக்கமும் இழுக்கிறார்களே என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. வெளிநாட்டு சிம் கார்டு விற்கிற பையன் வந்தபோதும் தம்பிதான் தடுத்தான். “உனக்கெதுக்குத் தனியா? எங்க ஹாட்ஸ்பாட் இருக்கே.” அதிலும் எனக்குச் சந்தோஷம்தான்.

பஸ்ஸில் இரண்டிரண்டு சீட். தம்பியும் மனைவியும் ஒன்றில், மகனும் மருமகளும் ஒன்றில். டீச்சர் பெரும்பாலும் முன்வரிசையில் இருந்த இரண்டு கிறிஸ்தவக் குடும்பங்களோடு ஜெபமாலை சொல்லப் போய்விடுவார். என் பக்கத்து சீட்டில் என் கைப்பை உட்கார்ந்து வரும். இறங்கிய இடங்களில் எல்லாம் தம்பி மனைவி ஃபோனை என் கையில் கொடுப்பாள். “அக்கா, எங்க நாலு பேரையும் சேத்து ஒண்ணு எடுங்கோளேன். நீங்க எடுத்தா நன்னா வரது.” நன்றாகத்தான் எடுப்பேன். லிஸ்பனில் எடுத்தேன், பாத்திமாவில் எடுத்தேன், எல்லைப் பக்கம் ஒரு கோட்டை வாசலில் எடுத்தேன். குத்தம் சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. அவள் நல்ல பெண். எனக்கு வெந்நீர் வேண்டும் என்று ஹோட்டல்காரனோடு சண்டை போட்டு வாங்கித் தருவாள்.

அந்த ஊர் மாட்ரிட் போகிற வழியில் வந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்காகவும், அங்கே இருக்கிற பழைய கோயிலைப் பார்ப்பதற்காகவும் நிறுத்தினார்கள். சுற்றிலும் மலை. மே மாதத்திலும் தூரத்துச் சிகரத்தில் கொஞ்சம் பனி ஒட்டிக்கொண்டிருந்தது. மலைச்சரிவில் படி படியாகக் கல் அடுக்கி செர்ரி மரம் வைத்திருந்தார்கள். ஒரு ஆறு ஊரை மூன்று பக்கமும் வளைத்துக்கொண்டு போக, நடுவில் மேட்டின்மேல் மதில் சூழ்ந்த ஊர். ஆற்றங்கரையில் நெட்டை நெட்டையான மரங்களுக்குக் கீழே பஸ்ஸை நிறுத்தி, புல்லில் விரிப்பைப் போட்டு எலுமிச்சம் சாதமும் தயிர் சாதமும் போட்டார்கள். வாத்துகள் கிட்ட வந்து எட்டிப் பார்த்தன. ஊறுகாயை முகர்ந்துவிட்டுப் போய்விட்டன.

“நாலு மணிக்குப் பஸ் எடுத்துருவேன். மேல போனா பெரிய சர்ச்சு, மணிக்கூண்டு, கடைவீதி. பாத்துட்டு வந்துருங்க,” என்றார் மேனேஜர்.

மேலே போனால் கடை ஒன்றும் திறந்திருக்கவில்லை. அந்த ஊரில் மத்தியானம் எல்லோரும் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குவார்களாம். பந்த் நாளில் ரங்கநாதன் தெரு இருந்தால் எப்படியோ, அப்படி இருந்தது. தம்பி மனைவிக்கு ஏமாற்றம். டீச்சர் கோயிலுக்குள் மண்டியிட்டவர் எழுந்திருக்கிற வழியாக இல்லை. எனக்கு ஊர்க்கோடியில் தெரிந்த உயரமான கல் வளைவுகளைப் பார்க்க ஆசை. மலையிலிருந்து ஊருக்குத் தண்ணீர் கொண்டுவரக் கட்டியதாம், வரிசையாக வளைவு வளைவாகப் போயிற்று.

“அதுவரைக்கும் நடக்க முடியாதுக்கா. நீ டீச்சரோட போய்ட்டு வா,” என்றான் தம்பி.

டீச்சர் ஜெபத்தில் இருக்கிறார் என்று சொல்லவில்லை. சொன்னால் போக வேண்டாம் என்பான். தனியாகப் போனேன். வளைவுகளின் அடியில் நின்று அண்ணாந்து பார்த்தேன். நேரம் பார்த்துக்கொண்டு, நாலு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போதே ஆற்றங்கரைக்கு வந்துவிட்டேன்.

பஸ் இல்லை.

வேறு இடத்துக்கு வந்துவிட்டோமோ என்று முதலில் நினைத்தேன். அதே மரங்கள், அதே வாத்துகள். புல் நசுங்கியிருந்த இடத்தில் குனிந்து பார்த்தால் இரண்டு கறிவேப்பிலை கிடந்தது. அதற்குமேல் சந்தேகப்பட ஒன்றும் இல்லை.

கரையில் ஒரு கல் பெஞ்சு இருந்தது. அதில் உட்கார்ந்தேன். பயமாக இல்லை, கோபமாக இருந்தது. மலையைத் தாண்டுவதற்குள் தம்பி திரும்பிப் பார்ப்பான், என் சீட் காலியாக இருக்கும், நிறுத்து நிறுத்து என்று கத்துவான், பஸ் திரும்பிவிடும். அவன் இறங்கி ஓடி வரும்போது என்ன சொல்லித் திட்டுவது என்று தயார் செய்துகொண்டேன். நல்ல நல்ல வார்த்தைகளாகக் கிடைத்தன. வெகுநேரம் ஆயிற்று. திட்ட நினைத்ததெல்லாம் மறந்துபோய், வந்தால் போதும் என்று ஆகிவிட்டது. அப்போதும் வரவில்லை.

பாஸ்போர்ட்டும் கொஞ்சம் யூரோவும் இடுப்புப் பையில் இருந்தன. மாட்ரிட்டில் எந்த ஹோட்டல் என்பது தெரியாது. எல்லாம் ஃபோனில் குழுவுக்கு வந்த செய்தியில் இருக்கிறது, ஃபோனுக்கு இணையம் தம்பியோடு போய்விட்டது. எழுந்து மதில் வாசலுக்குப் பக்கத்தில் திறந்திருந்த ஒரே கடைக்குப் போனேன். காப்பியும் பீரும் விற்கிற கடை. கூரையிலிருந்து பன்றித் தொடைகள் வரிசையாகத் தொங்கின. மயிலாப்பூரில் வெங்காயம் போட்ட சாம்பாருக்கே நாள் பார்த்த குடும்பத்துப் பெண், அதன் கீழே உட்கார்ந்து பால் விட்ட காப்பி குடித்தேன். கடைக்காரர் தொந்தியும் மீசையுமாக டிவியில் கால்பந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஃபோனைக் காட்டினேன். புரிந்துகொண்டு அவரே வாங்கி வைஃபை போட்டுக் கொடுத்தார்.

செய்திகள் சரசரவென்று விழுந்தன. மாட்ரிட் நுழைவில் நெரிசல் என்பதால் அரைமணி முன்னாலேயே கிளம்புகிறோம் என்று மேனேஜர் போட்டிருந்தார். லீடர்கள் எல்லோரும் வரிசையாகக் கட்டைவிரலைத் தூக்கியிருந்தார்கள். தம்பியின் கட்டைவிரலும் இருந்தது. கூடவே ஒரு வரி, ‘நாங்க எல்லாரும் வந்தாச்சு.’ டீச்சரும் கும்பிடு போட்டு ‘வந்துட்டேன்’ என்று எழுதியிருந்தார். அதற்குப் பிறகு பஸ்ஸுக்குள் பாட்டுப் போட்டி நடக்கிற வீடியோ. தம்பி சீட்டுக்கு மேலே எழுந்து நின்று கையை ஆட்டிப் பாடிக்கொண்டிருந்தான். சின்ன வயதில் கொலுவில் பாடச் சொன்னால் அம்மா புடவைக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிற பிள்ளை அவன்.

என்னை யாரும் கூப்பிட்டிருக்கவில்லை.

அப்போதே நான் கூப்பிட்டிருக்கலாம். விரலால் தொட்டால் போதும். தொடவில்லை. அவர்களாகத் தேடட்டும் என்று ஒரு பிடிவாதம் வந்துவிட்டது. இனி இது பஸ் விஷயம் இல்லை, தி.நகர் மாடி அறை விஷயம் என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது. தம்பி கூப்பிட்டு, அக்கா எங்கே இருக்கே என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் போதும், சென்னையில் இறங்கியதும் தையல் மெஷினை வண்டியில் ஏற்றிவிடுவேன். சரி, அவன் கூப்பிடுகிறவரைக்கும் ஊரைப் பார்ப்போம், கூப்பிட்டிருந்தால் திரும்பி வந்து வைஃபையில் பார்க்கும்போது தெரிந்துவிடும் என்று எழுந்தேன். காசு கொடுத்து வந்திருக்கிறோம், பார்க்காமல் போவானேன்.

முதலில் மதில்மேல் ஏறினேன். ஒரு இடத்தில் படி வைத்திருக்கிறார்கள், உச்சியில் பெரிய கோபுரம். சிங்கப்பூரில் இருந்து வந்தவர்கள் மாதிரி ஒரு கணவனும் மனைவியும் இருந்தார்கள், அவர்களையும் ஒரு படம் எடுத்துக் கொடுத்தேன். மேலேயிருந்து பள்ளத்தாக்கு முழுதும் தெரிந்தது. செர்ரி மரச் சரிவுகளுக்கு நடுவே சின்னச் சின்ன வெள்ளை ஊர்கள். ஆறு அங்கங்கே காணாமல் போய் மறுபடி வெளியே வந்தது. கோயில் கூரையில், மணிக்கூண்டில், எங்கே பார்த்தாலும் நாரைக் கூடுகள். கூடு என்றால் நம் வீட்டுக் கட்டில் அளவு. ஜோடி ஜோடியாக நின்றுகொண்டு அலகைத் தட்டின. டக் டக் டக் என்று ஊர் முழுக்க அந்தச் சத்தம்தான். சத்தம் போடுவதற்குத் தொண்டை கிடையாதாம் அந்த நாரைக்கு, அலகைத் தட்டித்தான் பேசிக்கொள்ளும் என்று பலகையில் எழுதியிருந்தது. நல்லவேளையாக ஆங்கிலத்திலும் எழுதியிருந்தார்கள்.

இறங்கி ஆற்றோரப் பாதையில் நடந்தேன். பழைய கல் பாலம் ஒன்று, அதைத் தாண்டி உடைந்த மாவு மில். ஆற்றை அங்கே கல்லால் தடுத்துக் குளம்போலச் செய்திருந்தார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் பாறையிலிருந்து குதித்துக்கொண்டிருந்தார்கள். அம்மாக்கள் கரையில் உட்கார்ந்து போதும் போதும் என்று கத்தினார்கள். பாஷை தெரியாவிட்டாலும் அது போதும் என்பதுதான், சந்தேகமில்லை. செருப்பைக் கழற்றிவிட்டுக் கால்களைத் தண்ணீரில் வைத்தேன். பனி உருகி வருகிற தண்ணீர். ரொம்பக் குளிர்ந்தது, எடுக்க மனம் வரவில்லை. இவ்வளவு அழகான இடத்தை என் வாழ்நாளில் பார்த்ததில்லை. பாரேன் என்று சொல்ல ஒரு ஆள் இல்லை. அழகானதைப் பார்க்கும்போது தனியாக இருப்பது, அசிங்கமானதைப் பார்க்கும்போது தனியாக இருப்பதைவிடக் கஷ்டம். மெரினாவுக்கு நான் தனியாகப் போவதை நிறுத்தியதும் இதனால்தான்.

ஆறு மணிக்கு மேல் ஊர் விழித்துக்கொண்டது. மணிக்கூண்டு இருந்த சதுக்கத்தில் மயிலாப்பூர் மாட வீதி சாயங்காலத்தில் எப்படியோ அப்படிக் கூட்டம். வயதான பெண்கள் நல்ல உடை உடுத்தி, தலையைச் சீவி, கை கோர்த்துக்கொண்டு சுற்றிச் சுற்றி நடந்தார்கள். ஒரு பெஞ்சில் தனியாக இருந்த கிழவி நகர்ந்து எனக்கு இடம் விட்டாள். காகிதப் பொட்டலத்தில் செர்ரிப் பழம் வைத்திருந்தாள், நீட்டினாள். அவள் அவள் பாஷையில் பேசினாள். நான் தமிழில் பேசினேன்.

“பஸ் போயிடுத்து. தம்பி கூப்பிடுவான்னு உக்காந்திண்டிருக்கேன்,” என்றேன்.

தலையை ஆட்டினாள். கொட்டையைத் துப்ப எனக்கும் ஒரு காகிதம் கிழித்துக் கொடுத்தாள். வெகுநேரம் இப்படியே பேசிக்கொண்டிருந்தோம். அப்புறம் கூட்டத்தில் ஒரு பெண் கழுத்தை நீட்டி நாலாபக்கமும் பார்த்துக்கொண்டு வந்தாள். கிழவியைக் கண்டதும் வேகமாக வந்து இரண்டு கையையும் விரித்துச் சத்தம் போட ஆரம்பித்தாள். மகளாகத்தான் இருக்கும். எங்கே போனாய், எங்கெல்லாம் தேடுவது என்று திட்டுகிறாள் என்பது எந்த ஊர்க்காரிக்கும் புரியும். கிழவி என்னைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள், தொல்லை பார் என்கிற மாதிரி. எழுந்து மகள் கையைப் பிடித்துக்கொண்டு போனாள். மீதிப் பழத்தை என் மடியில் வைத்துவிட்டுப் போனாள். எனக்குப் பொறாமையாக இருந்தது. பழத்தைச் சாப்பிட முடியவில்லை.

அந்த ஊரில் ஒன்பது மணிக்கும் வெளிச்சம் இருக்கிறது. கடைக்குத் திரும்பி வந்தேன். ஃபோனைப் பார்த்தேன். தவறிய அழைப்பு ஒன்றும் இல்லை. ஒரே ஒரு புதுப் படம், மாட்ரிட் ஹோட்டலில் இரவுச் சாப்பாடு. ‘வத்தக்குழம்பு, சுட்ட அப்பளம், சூப்பர்’ என்று யாரோ எழுதியிருந்தார்கள். படத்தின் ஓரத்தில் தம்பி தட்டோடு நின்றான்.

பிடிவாதம் அத்தோடு செத்துவிட்டது. தம்பியைக் கூப்பிடவில்லை. மேனேஜரைக் கூப்பிட்டேன்.

“சொல்லுங்க மேடம். ரூம்ல சுடுதண்ணி வரலியா?” என்றார்.

“நான் ரூம்ல இல்லை.”

“டைனிங் ஹால்லயா கீறீங்க? தோ, வந்துட்டேன்.”

“மத்தியானம் ஆத்தங்கரையில சாப்பிட்டோமே, அந்த ஊர்ல இருக்கேன்.”

“இன்னா மேடம் சொல்றீங்க,” என்றார் மெதுவாக. பாவம், அவருக்கு வேலை போய்விடுமே என்று எனக்கு அப்போதும் தோன்றியது.

எப்படி நடந்தது என்பது எளிது. பஸ்ஸில் டீச்சர், நான் தம்பி குடும்பத்தோடு பின்னால் இருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டார். தம்பி, நான் டீச்சரோடு முன்னால் இருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டான். ஹோட்டலுக்குப் போன பிறகு டீச்சர், நான் தம்பி அறையில் பேசிக்கொண்டிருப்பதாக நினைத்தார். சாப்பாட்டு நேரத்தில் தம்பி என்னைக் கூப்பிடக் கிளம்பியிருக்கிறான். அவன் மனைவி, “நடந்தது அசதியா இருக்கும், டீச்சர் எழுப்பிண்டு வருவா, விடுங்கோ,” என்றாளாம். கரிசனத்தில் சொன்னதுதான். யார்மேலும் தப்புச் சொல்ல முடியாது. அதுதான் என்னை ரொம்ப வாட்டியது. ஒருத்தர்மேல் தப்பு இருந்தால் திட்டித் தீர்த்துவிடலாம்.

அடுத்த நிமிஷமே தம்பி பேசினான், பேசினான் என்பதைவிட அழுதான். டாக்சி வைத்துக்கொண்டு இப்போதே வருகிறேன் என்றான். வேண்டாம், காலையில் பஸ்ஸில் வந்துவிடுகிறேன் என்றேன். கடைக்காரரின் தங்கை மாடியில் அறை வாடகைக்கு விடுகிறவள், அவளே ரொட்டியும் தக்காளியும் கொடுத்தாள். படுத்தவுடன் தூங்கிவிட்டேன்.

மறுநாள் மாட்ரிட் பஸ் நிலையத்தில் சவரம் செய்யாத முகத்தோடு நின்றிருந்தான். என் கையைப் பிடித்தவன் ஹோட்டல் வரைக்கும் விடவில்லை. அதன் பிறகு எங்கே இறங்கினாலும் ஏறினாலும், “அக்கா, இருக்கியா?” என்று பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரிக் கூப்பிடுவான். நான் “இருக்கேன்” என்பேன். எல்லோரும் சிரிப்பார்கள். ஊருக்குத் திரும்புகிற நாளில் விமானத்துக்கு நேரமாகிவிட்ட பரபரப்பில் கேட்க மறந்துவிட்டான். அதனால் ஒன்றும் இல்லை, நான் அவன் பின்னாலேயேதான் நடந்துகொண்டிருந்தேன்.

பாண்டி பஜார் கூட்டம் முடிந்ததும் தம்பிதான் என்னைக் காரில் மயிலாப்பூரில் கொண்டுவந்து விட்டான். அவன் மனைவி வேறு காரில் வீட்டுக்குப் போய்விட்டாள். மேலே வந்தான். காப்பி போட்டுக் கொடுத்தேன். அம்மா உட்காருகிற நாற்காலியில் உட்கார்ந்து குடித்தான்.

“ஆடி பொறக்கறதுக்குள்ள ஷிஃப்ட் பண்ணிடலாம்க்கா. மாடி ரூமுக்குப் பெயின்ட் அடிக்கச் சொல்லட்டுமா?”

“வேண்டாம்டா.”

“ஏன்? அந்த ஊர் விஷயத்தையே நெனச்சுண்டிருக்கியா?”

“இங்கே நான் தனியாத்தான் இருக்கேன். காலைல பால் பாக்கெட் எடுக்காம வாசல்ல கெடந்தா, மத்தியானத்துக்குள்ள யாராவது பெல் அடிச்சுப் பாப்பா. உங்காத்துல நாலு பேர். நான் மாடில விழுந்து கெடந்தா, கீழே இருக்கேன்னு ஒருத்தர் நெனச்சுப்பா. கீழே இல்லேன்னா, கோவிலுக்குப் போயிருக்கேன்னு இன்னொருத்தர் நெனச்சுப்பா.”

சொல்லிவிட்டு அவன் முகத்தைப் பார்த்தேன். இப்படிச் சொல்ல வேண்டும் என்று அந்த ஆற்றங்கரையிலேயே தயார் செய்தது இல்லை, வாயில் வந்துவிட்டது. அவன் கோபப்படுவான் என்று எதிர்பார்த்தேன். ஒரு தடவை நடந்ததற்கு இப்படியா பேசுவாய், எழுந்திரு, மூட்டையைக் கட்டு என்று அதட்டுவான், நான் கொஞ்சம் முரண்டு பிடிப்பேன், அவன் இன்னும் கொஞ்சம் அதட்டுவான் என்று காத்துக்கொண்டிருந்தேன்.

டம்ளரைக் கொண்டுபோய்த் தொட்டியில் போட்டுக் கழுவிக் கவிழ்த்தான். கையைத் துடைத்துக்கொண்டான்.

“சரிக்கா. உன் இஷ்டம்,” என்றான். செருப்பைப் போட்டுக்கொண்டு படியிறங்கினான். பால்கனியில் நின்று கார் தெருமுனை திரும்புகிறவரைக்கும் பார்த்தேன். அவன் இன்னும் ஒரே ஒரு தடவை கேட்டிருந்தால் போயிருப்பேன்.